குற்றியலுகரம்

காலை ஏழு மணி.
கொருக்குப்பேட்டையில் கேட் போட்டிருக்கிறது.
உடோன் தானியில் இப்போது எட்டரை.
முப்பத்தொரு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து
சுவரில் என் முகம் விழுமென்று காத்திருக்கிறார்கள்.

விசா முத்திரைக்காக வந்த இரண்டு வாரம்.
சம்பளத்தில் கைவைத்துவிடக் கூடாதே என்று
அண்ணனின் ஒற்றை அறையிலிருந்து பாடம்.
பீரோவுக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவே
ஆணியடித்து ஒரு நீலப் போர்வை.
நைட்டிக்கு மேல் காலர் வைத்த கோட்டு.

இன்றைய பாடம்: என் வீடு.
புத்தகத்து வீட்டுக்குப் புகைபோக்கி இருக்கிறது.
வேலி இருக்கிறது.
வேலியோரம் ஒரு நாய், பல் தெரியச் சிரித்தபடி.

'ஹவுஸ்' என்கிறேன்.
'ஹாவ்' என்கிறார்கள்.

பேங்க் என்பது அங்கே ஒரு பையனின் பெயர்.
ஃபிலிம், கோல்ஃப், ஐஸ்
எல்லாம் அம்மாக்கள் ஆசையாய் வைத்தவை.
ஐஸுக்குத் தன் பெயரின் கடைசி எழுத்து வராது.
'ஐ' என்று நிறுத்திவிட்டு
மிச்சம் உனக்கே தெரியுமே என்பதுபோல் பார்ப்பாள்.

அவர்கள் வாயில் சொல்
வாசல்வரை வந்து உள்ளே திரும்பிவிடும்.
எங்கள் வாயில் அது தெருவில் இறங்கி
ஓர் உகரத்தையும் கையோடு கூட்டிப்போகும்.
பஸ்ஸு. ஃபிஷ்ஷு. ஹவுஸு.
அரை மாத்திரைதான்.
அதை அறுத்தெறிய எனக்கு
மூன்று வருடக் கால் சென்டர்,
நாற்பதாயிரம் ரூபாய்க் கோர்ஸ்,
கண்ணாடிக்கு முன்னால் எத்தனையோ ராத்திரி.

அப்படியும், இந்தியாக்காரி என்பதால்
பரீட்சை எழுதி மார்க் காட்டச் சொன்னார்கள்.
ஸ்காட்லாந்து கெவினுக்கு முகமே சர்டிபிகேட்.
பள்ளி முதலாளியம்மா
மல்லிகேஸ்வரியை நறுக்கி
டீச்சர் மெல் ஆக்கினாள்.
எந்த ஊர் என்று பெற்றோர் கேட்டால்
சிரி, என்றாள்.
ரெண்டு வருஷமாகச் சிரிக்கிறேன்.

டேங்கர் கூட்ஸ் கடக்கத் தொடங்கியது.
ஆணி அதிர்கிறது, போர்வை அதிர்கிறது,
என் தாடையும் கொஞ்சம்.
மியூட் பொத்தானைத் தேடுவதற்குள்
'ஏய் மல்லி, தண்ணி லாரி வந்துட்ச்சுமே!' என்று
கோமளா அண்ணி இரண்டு குடத்தோடு
என் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் பாய
இடுப்புக் குடம் இழுத்து
போர்வை விழுந்தது.

பின்னால் வீடு.
குக்கர், கேரம் போர்டு, தொங்கும் லுங்கி,
ஆரஞ்சும் பச்சையுமாய் ஒன்பது குடம்.
அத்திப்பட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து
முதல் ரயிலில் வந்து விழுந்த அண்ணன்,
அவன் இரண்டு உள்ளங்காலும்
நேராகத் தாய்லாந்தைப் பார்த்தபடி.

அங்கே சத்தமில்லை.
பிறகு பேங்க் சிரித்தான், பிறகு எல்லாரும்.
ஐஸ் மட்டும் எழுந்து நின்று
ஒரு வருஷமாக நான் கெஞ்சிக் கேட்ட
முழு ஆங்கிலக் கேள்வியைக் கேட்டாள்.
டீச்சர், அது என்ன?

ஆங்கிலச் சொல் தயாராக இருந்தது.
வந்ததோ வேறு.
'குடம்.'

'குடம்' என்றார்கள்.
முப்பத்தோரு வாய் மகரத்தில் மூடியது.
எதுவும் உதிரவில்லை.
எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை.
இன்னொரு தடவை, என்றேன், தேவையில்லாமல்.

தண்ணீரோடு திரும்பிய அண்ணி
'யாருடி என் கொடத்த ஏலம் வுடறது' என்று
திரையை எட்டிப் பார்த்தாள்.
கை காட்டினார்கள். அவளும் காட்டினாள், ஈரக்கையை.

வகுப்பின் கடைசியில், மேசைக்குக் கீழே
முதலாளியம்மாவின் குதிகால் செருப்பு தெரிகிறது.
எப்போது வந்தாளோ.
ஐஸ் இன்னும் உட்காரவில்லை.
டீச்சர், எந்த ஊர்?

பழக்கத்தில் முதலில் சிரித்துவிட்டேன்.
பிறகு கேஸ் புக்கின் பின் அட்டையில்
பெரிதாக எழுதிக் கேமராவுக்குக் காட்டினேன்.
கொ. ருக். குப். பேட். டை.
சேர்ந்து சொல்லுங்கள், ஐந்து தரம்.

மூன்றாவது தரம்
உள்ளங்கால்கள் அசைந்தன.
அண்ணன் கண்ணைத் திறக்காமலே எழுந்து உட்கார்ந்து
பையைத் தேடிக்கொண்டே கேட்டான்:
'இன்னா, ஸ்டேஷன் வந்துட்ச்சா?'