மறுப்புச் செய்தி

மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலக மாடியில்
மாவட்ட நிர்வாகத்தின் முகநூல் நான்தான்.
தொகுப்பூதியம். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை
ஒருநாள் வேலையில்லாதவள்.
பெயர் போடும் வழக்கம் கிடையாது.

போடுவதெல்லாம் பெரும்பாலும்
யாரோ யாருக்கோ சால்வை போர்த்துவது.
மழைக்காலத்தில் சால்வைக்குப் பதில் அரிசி மூட்டை;
வாங்குகிறவர் முகம் பாதி வெட்டுப்பட்டிருக்கும்,
கொடுக்கிறவர்கள் ஏழு பேரும் படத்துக்குள் இருப்பார்கள்.

அன்று இரவு பத்தே காலுக்கு
குறிஞ்சிப்பாடிப் பக்கமிருந்து ஒரு குரல் கிளம்பியது:
"பெரிய ஏரி உடைஞ்சிடுச்சு, ஓடுங்க."
யார் என்று தெரியாது. மூச்சு வாங்கியது.
அந்த மூச்சுதான் எல்லோருக்கும் சாட்சி.

நாங்கள் தட்டச்சினோம்:
"மேற்படி ஏரியின் கரைகள் உறுதியாக உள்ளனவென்றும்
பொதுமக்கள் வதந்திகளை நம்ப வேண்டாமென்றும்
இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."
மூன்று மேசை ஏறி இறங்க ஐம்பது நிமிடம்.
மொத்தம் ஒன்பது விருப்பம்.
அதில் நான்கு இதே மாடியில்.

அதற்குள் பிள்ளைகளை வண்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு
சனம் நெடுஞ்சாலை ஏறிவிட்டது.
லாரி வெளிச்சத்தில் ஒரு கறவை மாடு,
கயிறு மட்டும் பின்னால் இழுபட.

லஸ்கர் வேம்புலியின் எண் என்னிடம் இருந்தது,
போன கோடையில் அவர் மகளின் சான்றிதழ் விஷயமாக.
"அண்ணே, எங்க இருக்கீங்க?"
"ஏரியிலதாம்மா."
"அப்படியே போனைத் திருப்புங்க."

நாற்பது விநாடி.
டார்ச் வெளிச்சத்தில் மதகு, அளவுகோல்,
தலையில் யூரியா சாக்கு,
கேமராவில் பட்டுப் பட்டு வழியும் தூறல்.
"மணி பதினொண்ணு இருவது. கரை மேலதான் நிக்கிறேன்.
ஒடைஞ்சிருந்தா நிப்பனாய்யா?"

யாரையும் கேட்காமல் போட்டேன்.
விடிவதற்குள் அது போகாத தெரு இல்லை.
"எங்க மாமா குரல்தான், திரும்பி வாங்க"
என்று எவனோ எழுதியிருந்தான்.

மறுநாள் கூட்டத்தில் மெமோ தயாராக இருந்தது.
பார்வை எண்ணிக்கையைச் சொன்னதும்
அது கோப்புக்கு அடியில் போய்விட்டது.
"இதே மாதிரி வாரம் ஒண்ணு" என்றார் ஒருவர்,
"லோகோ மட்டும் கொஞ்சம் பெருசா."

நான்காம் நாள்தான் கீழே இறங்கிப் படித்தேன்.
கைகூப்புகளுக்கும் பூங்கொத்துகளுக்கும் நடுவில்
சோனாங்குப்பம் அஞ்சலாட்சி:
"ஏரி இருக்கட்டும். எங்க தெருவுல முட்டி அளவு தண்ணி.
கொழந்தைக்கு ஜுரம். யாராவது பாக்குறீங்களா?"

அதற்கு ஒரே ஒரு விருப்பம்.
போட்டது: மாவட்ட நிர்வாகம்.
என் விரல்தான். வரிசையாகத் தட்டிக்கொண்டே போன பழக்கம்.

"தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்று தொடங்கி
அழித்தேன்.
"அக்கா, நான் தில்லைநாயகி. கொழந்தை எப்படி இருக்கு?
நம்பர் குடுங்க, இப்பவே பேசறேன்."

மூன்று புள்ளிகள் துள்ளின.
நின்றன.
மறுபடி துள்ளின.