புழுக்கைக் கணக்கு

ஒரு சுண்டெலிக்கு ஐந்து நிமிடம்.
தரையிலிருந்து முழ உயரத்தில் ஒரு பலகைச் சிலுவை.
இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு,
இரண்டுக்கு இல்லை.
சுவரில்லாத பக்கம் எத்தனை நொடி நின்றது,
விளிம்பில் தலையை நீட்டி
எத்தனை முறை கீழே பார்த்தது,
எத்தனை புழுக்கை போட்டது.
ராஷ்ட் நகரில், மழை விடாத ஆபான் மாதத்தில்,
பயத்தை இப்படித்தான் அளக்கிறோம்.

பூ தெய்லமான் மலையிலிருந்து மூட்டையில் வந்தது.
மாட்டுநாக்கு என்று பெயர்.
காய்ந்தால் ஊதா, கொதித்தால் கருநீலம்,
எலுமிச்சை பிழிந்தால்
அறை வாங்கிய கன்னம்போல் சிவக்கும்.
எங்கள் தெருவில் யாருக்கு நெஞ்சு படபடத்தாலும்
கேட்காமலே ஒரு தம்ளர் வரும்.
இங்கே அதை எத்தனாலில் ஊறவைத்து
வடித்து, வற்றவைத்து
எண் ஒட்டிய குப்பிகளில் அடைத்தோம்.
எதில் சாறு, எதில் நிறம் கலந்த தண்ணீர் என்பது
டாக்டர் பரிச்செஹ்ரின் இழுப்பறையில்,
ஒட்டிய உறைக்குள்.

என் கழுத்துக் கட்டியின் அறிக்கை சனிக்கிழமை வரும்.
கழிப்பறைக்குப் போகும்போதும்
சுவரை ஒட்டியே நடக்கிறேன்.
கவனித்தேன், அவ்வளவுதான்.

பதினேழாம் எலி
சுவரில்லாத கையின் நுனிவரை போய்
மீசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தது.
நூற்றுப்பத்து நொடி!
நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.
இதுதான் பூ, இதுதான்.

உறையைப் பிரித்தோம்.
தண்ணீர்.

அப்படித் துணிந்த தண்ணீர் எலிகள் இன்னும் ஐந்து.
எல்லாம் ஞாயிறு, செவ்வாய்.
அன்றைக்குக் கூண்டு மாற்றுபவர் நொஸ்ரத்.
ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் ஏறவிட்டு,
நேற்றைய கால்பந்து ஆட்டத்தைத் திட்டிக்கொண்டே
மெதுவாக இறக்குவார்.
மற்ற நாட்களில் நான்.
வாலைப் பிடித்துத் தூக்குவேன்.
ஒரு நொடி வேலை.

பரிச்செஹ்ர் கண்ணாடியைக் கழற்றி
மூன்று மாதத்தின் மேல் வைத்தார்.
"பூ பொய்யென்று ஆகவில்லை.
நடுவில் நம் கை வந்துவிட்டது.
முதலிலிருந்து."

புதிய எலிகள் புதன்கிழமை வந்தன.
கூண்டுக்குள் கையை நீட்டி
மல்லாத்தி வைத்துக் காத்திருந்தேன்.
சட்டைப்பையில் போன் அதிர்ந்தது,
சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்போதே.
எடுக்கவில்லை.
ஒன்று மோந்து பார்த்தது,
விரலில் கால் வைத்தது,
உள்ளங்கையில் ஏறி நின்று
ஒரு புழுக்கை போட்டது.

குறித்துக்கொள்ளவில்லை.