நாற்பது தப்படி மணல்

விருதம்பட்டுப் பக்கம், பாலாற்றுக்குள்
பழைய ஸ்கூட்டர் டயர் ஒன்றைப் படுக்கப் போட்டிருக்கிறேன்.
அதுதான் கொடுவா.
நாற்பது தப்படி பின்னால் வந்து
கோலைத் தோளுக்கு மேல் சாய்க்கிறேன்.
முள் கழற்றிய ரப்பர் மீன்
வேலிக்காத்தானைத் தாண்டிப் பறந்து
டயருக்கு ஒரு முழம் தள்ளிப்
பொத்தென்று விழுகிறது.
வளையம் விரியவில்லை. கொஞ்சம் புழுதி.

ஞாயிறு தவிர எல்லா மாலையும் இப்படித்தான்,
ஷிஃப்ட் முடிந்து
விரலில் ஷூ அடிப்பசை வாடையோடு.

ஒருநாள் பாலத்தில் பைக்கை நிறுத்திவிட்டு
ஏட்டு ஒருவர் இறங்கி வந்தார்.
"இன்னாப்பா பண்ற?"
"மீன் புடிக்கிறேன் சார்."
வாயை ஊதச் சொன்னார்.
ஊதினேன்.
பிறகு கோலை வாங்கித் தானும் ஒரு தடவை வீசினார்.
நூல் உருளையிலேயே குருவிக்கூடு கட்டியது.
இருட்டும்வரை இருவரும் குந்தி உட்கார்ந்து பிரித்தோம்.
"தண்ணி வந்தா சொல்லு" என்று போனார்.

முக்தாருக்கு மேல்விஷாரம், தோல் குடோனில் கணக்கு.
இரண்டாவது சனி கழிந்து ஞாயிறு பிறந்த ஒன்றரைக்கு
அவன் பைக் தெருமுனையில் இருமும்.
ரேணுகா கண்ணைத் திறக்காமல்
"மீனு வாங்கற காசுக்குப் பெட்ரோல் போடுறீங்க" என்பாள்.
கணக்கு சரிதான்.
முக்தாரும் அதையே சொல்வான், பெட்ரோல் போட்டுக்கொண்டே.

வாலாஜா. காஞ்சிபுரம். செங்கல்பட்டு.
எந்தப் பாலம் ஏறினாலும் கீழே எங்கள் ஆறு,
நிலா வெளிச்சத்தில் மணல், இன்னும் மணல்.
வயலூர் தாண்டி, முகத்துவாரத்தில்
செருப்பைக் கழற்றி இறங்கினால்
கணுக்காலை நனைக்கிறது பாலாறு.
நக்கிப் பார்த்தேன். கரிக்கிறது.
தோல் ஊறிய தண்ணீரில் சம்பளம் வாங்குகிறவன்
அதே ஆற்றின் கடைசியில் முகம் கழுவுகிறான்.
அந்த நேரம் மட்டும் முக்தார் பேசமாட்டான்.

ஓதம் ஏறத் தொடங்கியது.
வீசினேன், சுற்றினேன், வீசினேன்.
பதினோரு பயணத்தில் பழகிய கை,
எங்கே நினைத்தேனோ அங்கேயே விழுந்தது ஒவ்வொன்றும்.
அங்கே ஒன்றும் இல்லை.

கடைசியாய், போதும் என்று
ரப்பர் மீனைத் தூக்கும்போது
என் முழங்காலுக்கு எதிரே தண்ணீர் வெடித்தது.

வாய் பார்த்தேன். பக்கெட் வாய்.
டார்ச்சில் கண் அடுப்புக் கங்கு.
கோல் வில்லாகி, உருளை கிறீச்சிட்டு,
அது முழு உடம்போடு மேலே எழுந்து
தலையை உதறிய உதறலில்
செவுள் மூடியின் கத்தி நூலைத் தடவியது.
அவ்வளவுதான்.
தொய்ந்த நூல் என் கன்னத்தில் வந்து ஒட்டியது.

"பொம்பளை" என்றான் முக்தார்.
"பொறக்கும்போது ஆம்பளை,
அந்த சைஸ் வந்தா மாறிடும்.
போவட்டும் உடு."
போகவிட என்ன இருந்தது என் கையில்?

வீட்டில் ரேணுகா கேட்டாள், "எவ்ளோ பெருசு?"
இரு கையையும் விரித்துக் காட்டினேன்.
அவள் என் வலக்கையைப் பிடித்து
ஒரு சாண் உள்ளே தள்ளிவிட்டு
உப்புமா கிண்டப் போனாள்.

திங்கள் மாலை
டயரை உருட்டி வந்து காலடியில் போட்டேன்.
பார்க்கச் சகிக்கவில்லை.
திரும்ப நாற்பதுக்கே உருட்டிப் போனேன்.
பாலத்தில் ஹாரன் அடித்தது.
"மாட்டிச்சாப்பா?"
அவ்வளவு உயரத்திலிருந்து தெரிய வேண்டுமே என்று
கையை விரித்தேன்,
ரேணுகா குறைத்த சாணையும் சேர்த்து.