செவ்வாய், பயிற்சி இல்லை

அறிவிப்புப் பலகையில் ஒரே வரி:
தேர்தல் நாள். பயிற்சி கிடையாது.
கோச்சின் கோணல் கையெழுத்து.

ஐந்து மணிக்கே விழித்துக்கொண்டன முழங்கால்கள்.
அவற்றுக்கு யார் சொல்வது?

டொலீடோவில் நவம்பர் மழை.
எங்கள் உள்ளரங்கில்தான் வாக்குச்சாவடி.
மரத்தரை முழுக்க நீலத் தார்ப்பாய்;
கூடைகளைக் கூரையோடு மடக்கியிருந்தார்கள்.
ஃப்ரீ த்ரோ கோடு எங்கே என்று
பாயின் மேலிருந்தே பாதம் கண்டுபிடித்தது.
சரியாக அங்கே ஓர் அட்டைத் தடுப்பு.

வரிசையில் எனக்கு முன்னால் மார்லிஸ்,
ஆறடி இரண்டங்குலம்,
யாரையும் முந்தாமல் நாற்பது நிமிடம்.
இதற்கு மூன்று மைல் ஓடிவிடலாம் என்றாள்.

ரூட்டாவுக்கு இங்கே ஓட்டு இல்லை,
விடுமுறை மட்டும் உண்டு.
கௌனாஸிலிருந்து வந்தவள்
எங்கள் குடைகளையும் பைகளையும்
மார்லிஸின் பாதி சாண்ட்விச்சையும்
ஏந்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

பேனாவால் வட்டத்தை நிரப்பினேன்.
மை கொஞ்சம் கோட்டைத் தாண்டிவிட்டது.
விசில் ஊத யாருமில்லை.

உள்ளே எப்படி இருந்தது, ரூட்டா கேட்டாள்,
தினமும் நாங்கள் வியர்க்கிற இடத்தைப் பற்றி.
சத்தமே இல்லை என்றேன்.
"அப்படியென்றால் தோற்றுவிட்டோமா?"

ராத்திரி தெரியும் என்றாள் மார்லிஸ்,
சாண்ட்விச்சைப் பிடுங்கிக்கொண்டே.