தீர்த்தத்துக்கு மறுநாள்

யாழ்ப்பாணம் ஸ்ரேசன் சாளரத்துக்குள்
ஒரு பேனை மட்டும் அசைந்து சொன்னது:
"வெள்ளிக்கிழமை வரைக்கும் சீற் இல்லை."
அன்று திங்கள்.

நான் விரல் மடக்கினேன்.
தெகிவளை மருந்துக்கடையில் சொன்ன லீவு மூன்று நாள்.
லொட்ஜுக்கு இரவொன்றுக்கு நாலாயிரம், திருவிழா விலை.
பிறேமளா விரல் மடக்கவில்லை.
கச்சான் பையைப் பல்லால் கிழித்து
"நல்லதாப் போச்சு" என்றாள்.

நல்லூருக்கு வந்தது தேர் பார்க்க.
பார்த்தது முதுகுகள்.
வியர்வையில் சந்தனம் கரைந்த முதுகுகள்,
தகப்பன் தோளில் தூங்கிப்போன பிள்ளையின்
கையிலிருந்து உருகி வழிந்த ஐஸ்கிறீம்.
தேர் அசைந்ததைக் காலடி மணல்தான் சொன்னது.
அரோகரா எழும்பிய பக்கம் கும்பிட்டோம்.
வெளியே வந்தால் என் செருப்பைக் காணவில்லை.
இலக்கத்துண்டு மட்டும் மிச்சம்:
நானூற்றுப் பதினேழு.

லொட்ஜ்காரர் அருந்தவநாதன்
மகனுடைய மோட்டார் சைக்கிளைத் தந்தார்.
"பிறேக் கொஞ்சம் பிந்தித்தான் பிடிக்கும்.
குறிகட்டுவானுக்கு நேர் றோட்டு,
நிப்பாட்ட வேண்டி வராது."

பண்ணைப் பாலத்தில் சோளகம்
பக்கவாட்டாய் வந்து தோளால் இடித்தது.
இரண்டு பக்கமும் முழங்காலளவு கடல்.
பெற்றோல் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓடினேன்.
பின்னாலிருந்து ஒரு கை நீண்டு
முள்ளை மூடியது.

படகில் ஒரு பிறிஜ், சீமெந்து மூட்டைகள்,
விடைத்தாள் கட்டோடு இரண்டு ரீச்சர்மார்,
வாந்திக்குப் பயந்து எலுமிச்சங்காய் மணந்தபடி நான்.

நெடுந்தீவில் எங்களுக்கு முன்னால்
ஒரு முதுகும் இல்லை.
வெயிலும் கல்வேலியும்.
சாந்தில்லாமல் அடுக்கிய, துளை துளையான கல்.
"இதென்ன கல்லு, தம்பி?"
"முருகைக்கல், அக்கா" என்றான் ஓட்டோக்காரப் பெடியன்.

"அங்க இடிபட்டுத் தேடினம்,
இஞ்ச வேலியா நிக்கிறார்."
சிரித்துக்கொண்டே சொன்னவள்
கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள்.
பாதி பகிடி, பாதி கும்பிடு.
எந்தப் பாதி எதுவென்று
பன்னிரண்டு வருடமாய் எனக்குப் பிடிபட்டதில்லை.

வறண்ட வெளியில் விலா எலும்பு தெரிய
ஒரு குதிரை நின்றது.
கச்சானை நீட்டினேன்.
மணந்து பார்த்துவிட்டு, எனக்காக வருத்தப்பட்டதுபோல்
திரும்பிக்கொண்டது.
கடைசிப் படகுக்கு ஓடினோம்;
சந்தையில் வாங்கிய ஒன்பதாம் நம்பர் றப்பர் செருப்பு
எட்டாம் நம்பர் காலுக்கு முன்னால் ஓடியது.

செவ்வாய் மணற்காடு.
மணல்மேட்டில் ஏறியவள் இறங்க மறுத்தாள்,
நானும் வற்புறுத்தவில்லை.
புதன் பருத்தித்துறையில் சுட்ட மீனும் புட்டும்.
வியாழன் ஒன்றும் செய்யவில்லை,
அதை நன்றாகச் செய்தோம்.

வெள்ளி காலை பேனை அசைந்தது:
"ரெண்டு சீற் இருக்கு."
பிறேமளா ஒன்றும் சொல்லவில்லை.
கைப்பையின் சிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

பத்து மணிக்கு முதலாளிக்குக் கோல் எடுத்தேன்.
"இன்னும் சீற் கிடைக்கேல்ல, முதலாளி.
சரியான சனம்."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு கேட்டார்:
"அப்ப உமக்குப் பின்னால ஆர் நிண்டு
பூநகரி, மன்னார், மன்னார் எண்டு கத்துறது?"