பாகை

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே என் வலது தோள்
எழுபத்திரண்டு.
இரண்டும் பாகைதான்.

பள்ளிக்கூடத்துப் பாகைமானிக்கு
இரண்டு நீளக் கால் முளைத்த மாதிரி ஒரு கருவி.
ஒரு காலை என் விலாவோடும்
மற்றதை என் கையோடும் பொருத்தி
"இன்னும்" என்கிறாள் மாரிசெல்.
இன்னும் இல்லை.
ஆள் உள்ளே இருந்தும் திறக்காத வீடுபோல
நிற்கிறது கை.

உறைந்த தோள் என்பது நோயின் பெயர்.
வினிபெக்கில் இருந்துகொண்டு
இதற்கு வேறென்ன பெயரை எதிர்பார்த்தேன்?

பதினோரு வருஷம் மஞ்சள் பஸ் ஓட்டிய தோள்.
காலையில் இருபத்தாறு தரிப்பு, பின்னேரம் இருபத்தாறு.
ஒவ்வொரு தரிப்பிலும் கதவின் இரும்புப் பிடியை
இழுத்து, தள்ளி, இழுத்து.

பஸ்ஸுக்கு ஆறு மாதத்துக்கொருமுறை சோதனை உண்டு.
பிரேக், எண்ணெய், டயரின் பள்ளம்
எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து
கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்.
எனக்கு ஒட்டுவாரில்லை.
நானும் கேட்கவில்லை.
வலித்தால் தைலம். மேலும் வலித்தால்
மேலும் தைலம்.
பிளவுஸ் கொக்கி எட்டாமல் போன அன்றுதான்
குளியலறையில் நின்று அழுதேன்,
அதுவும் குழாயைத் திறந்துவிட்டு.

வீட்டுப்பாடம் தந்தாள் மாரிசெல்.
குனிந்து நின்று
தக்காளி சூப் டின்னைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டம்.
முதுகுக்குப் பின்னால் துவாய்,
இடக்கை மேலே இழுக்க வலக்கை பின்னால் போகும்,
போக மாட்டேன் என்று சொல்லிச் சொல்லி.
பிறகு சுவர்.
இரண்டு விரல் ஏறவேண்டும்,
மழைக்கு முன் முட்டை தூக்கும் எறும்புபோல.
நின்ற இடத்தில் பென்சில் கோடு,
பக்கத்தில் தேதி.

விடிய நாலே முக்காலுக்கு எழும்புகிறேன்.
முற்றத்தில் கார்
இரவெல்லாம் மின்வயரில் சூடு குடித்தபடி கிடக்கிறது,
விடியக் கிளம்ப வேண்டுமே என்று.
எனக்கு ஒரு சுடுதண்ணிப் பை.

குகதாசன் ஒருநாள்
சீரகம், உழுந்து, தேயிலை டின் எல்லாவற்றையும்
கீழ்த்தட்டுக்கு இறக்கி வைத்தார்.
"பாவம், உமக்கு எட்டாதெல்லோ."
அன்புதான்.
எனக்கு ஏன் அப்படி ஒரு கோபம் வந்தது தெரியவில்லை.
தேயிலை டின்னை மட்டும் எடுத்து
இரண்டாம் தட்டில் வைத்தேன்.
கை ஏறினால் தேத்தண்ணி.
ஏறாவிட்டால் கோப்பி.

பெப்ரவரியில் காய்ச்சல், ஐந்து நாள் படுக்கை.
எழுந்து சுவரில் ஏறினால்
கோடு நாலு விரல் கீழே.
சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போனது என்று
யாரிடம் கேட்பது?
திரும்பவும் எறும்பு. திரும்பவும் அடியிலிருந்து.

எண்பத்தெட்டு.
நூற்று நாலு.
அடுத்த தடவை நூற்று மூன்று.
அந்த ஒரு பாகைக்காக
கருவி பிழை என்று மாரிசெல்லோடு சண்டை பிடித்தேன்.
திருப்பி அளந்தாள். நூற்று மூன்றுதான்.

ஏப்ரலில் ஆற்றுப் பனிக்கட்டி
வெடி போட்டமாதிரி உடைந்தது.
என் தோள் உடைந்த சத்தம் கேட்கவில்லை.
ஒரு நாள் காலையில்
கொக்கி மாட்டிவிட்டு வாசலுக்குப் போன பிறகுதான்
மாட்டினேன் என்று தெரிந்தது.

மே. வெளியே பதினான்கு.
உள்ளே நூற்று நாற்பத்தொன்பது.
மிச்சம் வருமா என்றேன்.
"வராமலும் போகலாம். செப்டம்பரில் வா."
பிறகு, "இடது தோளையும் காட்டு."
அது வலிக்கவே இல்லையே என்றேன்.
"அதனால்தான்" என்று
கருவியை மற்றப் பக்கம் கொண்டுபோனாள்.
நூற்று எழுபது.
புதிய தாளில், புதிய தேதியில் எழுதினாள்.

வீட்டுக்கு வந்து
தேயிலை டின்னை மேல்தட்டுக்கு ஏற்றினேன்,
ஸ்டூலில் நின்று, இடக்கையால்.
பிறகு இறங்கி, வலக்கையை விட்டேன்.
விரல் நுனி தகரத்தில் பட்டு
'டங்' என்றது.
டின் அசையவில்லை.

கோப்பிதான் குடித்தேன்.
சீனி கொஞ்சம் கூடப் போட்டு.