திரும்பி நின்ற பறவை

அந்தி விழுந்தபின் விரியும் வெள்ளைப் பூ.
ஆண்பூவைக் காம்போடு கிள்ளி
பெண்பூவின் வாயில் ஒற்றி எடுக்கிறாள் ரன் குய்யிங்.
நெற்றியில் கட்டிய விளக்கு,
ஷான்தோங் சமவெளி,
ஒரு ஜூலை இரவு.
கொசு பிடுங்குகிறது. இன்னும் இரண்டு வரிசை பாக்கி.

பிஞ்சு கோழிமுட்டை அளவு ஆனதும்
அதற்கொரு சட்டை மாட்ட வேண்டும்,
சுட்ட மண்ணாலான சட்டை:
இரண்டு பாதி, குறுக்கே சணல் கட்டு.
உள்ளே கும்மிருட்டு.
சுவரில் என்ன குழித்திருக்கிறதோ
அதில் முட்டி முட்டி
தோலால் படித்துக்கொள்ளும் காய்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.
இது அச்சுச் சுரைக்காய்,
இதுவும் உதவாது.
உப்பில்லை என்று குறைசொல்ல ஆளில்லை.
ஒரு பூச்சிக்கு இது வீடு.
பனிக்காலம் முழுக்க
கோட்டுக்குள், நெஞ்சுச் சூட்டில் வைத்து
மனிதர்கள் கேட்டபடியே திரியும்
பச்சை வெட்டுக்கிளிக்கு.

இந்த வருடம் புது அச்சு.
பேரிக்கட்டையில் மூலத்தைச் செதுக்கியவன்
லுவான் பாவோசெங்.
‘கூவு’ என்று ஒற்றை எழுத்து:
இடப்பக்கம் ஒரு வாய்,
வலப்பக்கம் ஒரு பறவை.
பாவோசெங் முத்திரை வெட்டிப் பிழைப்பவன்.
முத்திரையில் இடவலம் மாற்றி வெட்டினால்தான்
காகிதத்தில் நேராக விழும்.
மரத்திலிருந்து மண், மண்ணிலிருந்து காய்,
இரண்டுமுறை திரும்பினால் பழைய திசைக்கே வரும் என்பதை
அவன் மூளை அறிந்திருக்கும்.
கைக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் உறைபனியன்று சணலை அறுத்தாள்.
நூற்றுப் பன்னிரண்டு அச்சு.
அறுபது அழுகல்.
ஒன்பது, மண்ணைப் பிளந்து
தொந்தி தள்ளி வெளியே வந்தவை.
தேறியது நாற்பத்து மூன்று.
நாற்பத்து மூன்றிலும்
பறவை வாய்க்கு முன்னால் போய்
எதிர்த்திசை பார்த்து நிற்கிறது.

பாவோசெங் வந்து பார்த்தான்.
ஒரு சிகரெட்டைக் கடைசிவரை இழுத்தான்.
“டீ இருக்கா?” என்றான்.

வியாபாரி மட்டும் சிரித்தான்,
“உன் தோட்டத்துக்கு எழுத்து வராதா?”
பாதி விலைக்கும் கீழே கேட்டான்.

ஆனாலும் மேல்தோலைச் சுரண்டினாள்.
வெயிலில் புரட்டிப் புரட்டி உலர்த்தினாள்.
கழுத்தை அறுத்து, வயிற்றுக்குள்
செப்புக் கம்பிச் சுருள் ஒன்றை இறக்கினாள்,
பாட்டு அதில் பட்டு அதிர.
துளையிட்ட சிரட்டை மூடி.
வால்நட் எண்ணெய் தொட்டு, துணியால் தேய்க்கத் தேய்க்க
தேன் நிறம்.
சந்தையில் விற்றது ஆறு.
மிச்சத்தில் ஒன்றில் மிளகாய்த்தூள்,
ஒன்றில் ஊசி நூல்,
ஒன்றில் அடுத்த வருடத்து விதை.
மற்றவை கட்டிலுக்கடியில்
அவள் புரண்டு படுக்கும்போதெல்லாம் உருண்டன.

ஜனவரியில் பல்வலி.
நகரத்துக்கு ஒன்பதாம் நம்பர் பேருந்து,
நான்காவது இருக்கை, கன்னத்தில் கை.
வெளியே பனி கொட்டுகிறது.
உள்ளே, எங்கிருந்தோ,
கோடைக்காலம் இறக்கையை உரசுகிறது.
பள்ளிப் பிள்ளைகள் கழுத்தை நீட்டித் தேடுகிறார்கள்.
குய்யிங்கும் நிமிர்ந்தாள்.
ஓட்டுநரின் தலைக்குமேல் நீளக் கண்ணாடி.
அதில் அவர் கோட்டு; இரண்டாம் பொத்தானுக்கும்
மூன்றாம் பொத்தானுக்கும் நடுவே
தேன் நிறத்தில் ஒரு வயிறு;
வயிற்றின்மேல்
இடப்பக்கம் வாய்,
வலப்பக்கம் பறவை.

“கூவு” என்று
எழுத்துக்கூட்டிப் படித்தது ஒரு குழந்தை.

ஆஸ்பத்திரி நிறுத்தம் போய்விட்டது.
அடுத்ததும் போய்விட்டது.
கடைசி நிறுத்தத்தில்
எல்லோரும் இறங்கியபின் முன்னால் வந்து,
வீங்கிய கன்னத்தால் வார்த்தை குழறக் கேட்டாள்:
“அண்ணே, உங்க டிப்போவுல
மொத்தம் எத்தனை பஸ்?”